மூன்று நாள் ஓடி நாலாம் நாள் நிற்கிறதா? தினசரி வழக்கத்தின் கோளாறை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

மதுரையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வார்த்தைதான் சொல்வார்கள்: "அண்ணே, ஓடல." எப்படி ஓடவில்லை? உறுமுகிறதா, சத்தமே இல்லையா, கொஞ்ச நேரம் ஓடிச் சூடேறி நிற்கிறதா, சுவிட்சைப் போட்டதும் ட்ரிப் ஆகிறதா? இதற்குப் பதில் வராமல் நான் ஸ்பேனரைத் தொடுவதில்லை.

நாற்பத்து நாலு வயதில் எனக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். மூன்று தடவை ஆரம்பித்தேன், மூன்று தடவையும் விட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் "நமக்கு வைராக்கியம் பத்தாது" என்று முடித்துக்கொண்டேன். கடைக்கு வருகிறவர் "ஓடல" என்கிறாரே, அதற்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. எங்கே, எப்போது, எதனால் என்று எதையும் அது சொல்லாது. நாலாவது தடவை, வாடிக்கையாளரிடம் கேட்கிற கேள்விகளை என்னிடமே கேட்டேன். அதன்பிறகு நாலு வருடமாக நடை ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவில் நின்ற நாட்கள் உண்டு. ஏன் நின்றது என்பது இப்போது தெரிகிறது, அதனால் மறுபடி ஓட வைக்க முடிகிறது.

நடை, மாத்திரை, தூக்கம், படிப்பு, கணக்கு எழுதுவது என்று உங்களுடையது எதுவானாலும் கீழே இருக்கிற அறிகுறிகளில் எது பொருந்துகிறதோ அதற்குப் போங்கள். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை.

கழற்றுவதற்கு முன்

மூன்று நாள் எதையும் மாற்றாமல் எழுதி மட்டும் வையுங்கள். நாற்பது பக்க நோட்டு போதும். எழுந்தது, காபி, குளியல், கிளம்பியது, சாப்பிட்டது, போனைக் கீழே வைத்தது, படுத்தது. நடந்ததை எழுத வேண்டும், நடந்திருக்க வேண்டியதை அல்ல. என் நோட்டில் மூன்றாம் நாள் இரவுக்கு நேரே இருக்கும் வரி இது: "9.40 கடை சாத்தினேன். 10.15 பரோட்டா. 11 வீடு. 12.20 வரை போன்." காலை ஐந்தரை அலாரத்தை நான் ஏன் அணைத்தேன் என்று அதற்குமேல் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஒரு நேரத்தில் ஒரு கோளாறில் மட்டும் கைவையுங்கள். கெப்பாசிட்டரையும் பேரிங்கையும் ஒன்றாக மாற்றிவிட்டால் மோட்டார் ஓடும். ஆனால் எது பழுதாக இருந்தது என்று கடைசிவரை தெரியாது. ஒன்றை மாற்றி ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

அறிகுறி: இரண்டு மூன்று நாள் நன்றாகப் போகிறது, அப்புறம் தானாக நின்றுவிடுகிறது

நோட்டில் நின்றுபோன நாட்களை மட்டும் வட்டமிடுங்கள். அந்த நாட்களுக்குள் ஏதாவது ஒற்றுமை இருக்கும்.

எங்கள் தெருவில் மாநகராட்சித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். வருகிற நாளில் விடியலிலேயே குடம் குடமாகப் பிடித்து, தொட்டியை நிரப்பி முடிக்க ஒரு மணி நேரம் ஆகிவிடும். என் நடை நின்ற நாட்களில் பாதிக்கு மேல் தண்ணீர் வந்த நாட்கள். 5.30 என்று கடிகாரத்தில் மாட்டி வைத்திருந்தேன். கடிகாரத்துக்கு எங்கள் தெருக்குழாயைப் பற்றி என்ன தெரியும்?

வழக்கத்தை மணியில் மாட்டாமல், வீட்டில் எப்படியும் நடந்தே தீரும் ஒரு காரியத்தில் மாட்டுங்கள். பால் பாக்கெட் வந்து விழும் சத்தம், பிள்ளையை வேனில் ஏற்றிவிடுவது, கடை ஷட்டரை இறக்கிப் பூட்டுவது, இப்படி ஏதாவது ஒன்று. நான் வைத்துக்கொண்ட விதி: "தண்ணி வர்ற நாள்ல கடைசிக் குடம் நிறைஞ்சா ஷூ. வராத நாள்ல பால் வந்தா ஷூ." பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியல் அறிஞர் 1999-இல் எழுதிய கட்டுரை ஒன்று இதைப் பற்றியதுதான். "இன்னது நடந்தால் இன்னதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பவர்கள், "செய்யப்போகிறேன்" என்று மட்டும் நினைப்பவர்களைவிட அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள் என்று பல ஆய்வுகளை வைத்துக் காட்டியிருக்கிறார்.

மாட்டுகிற ஆணி ஆடுகிறதா என்றும் பாருங்கள். "ராத்திரி சாப்பிட்ட பிறகு" என்பது ஆடுகிற ஆணி. சாப்பிட்ட பிறகு என்றால் அடுத்த நிமிடமா, ஒரு மணி நேரம் கழித்தா? "சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவுத்ததும்" என்றால் ஆடாது. அந்த நொடியில் கை ஈரமாக இருக்கும், நீங்கள் நின்றுகொண்டிருப்பீர்கள், அடுத்த வேலைக்கு உடம்பு தயாராக இருக்கும்.

அறிகுறி: செய்ய வேண்டும் என்று இருக்கிறது, ஆரம்பிக்கத்தான் முடியவில்லை

சிங்கிள் ஃபேஸ் மோட்டாரில் அடிக்கடி வரும் கேஸ் இது. கரண்ட் போகிறது, மோட்டார் உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை. பெரும்பாலும் கெப்பாசிட்டர் வீக்காகியிருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரை ஓட வைக்க அதிகம் தேவையில்லை. நிற்கிற மோட்டாரைக் கிளப்பத்தான் தனி உதை வேண்டும். அந்த உதையைக் கொடுப்பது கெப்பாசிட்டர். உறுமுகிற மோட்டாரை அப்படியே போட்டு வைத்தால் காயில் கருகிவிடும். "நடக்கணும், நடக்கணும்" என்று படுக்கையில் கிடந்தபடி அரைமணி நேரம் உள்ளுக்குள் உறுமுகிறவருக்கும் அதுதான் நடக்கிறது. ஒரு அடி எடுத்து வைக்காமலேயே களைத்துவிடுகிறார்.

இதற்கு ஆரம்பத்தை மட்டும் தனியாகப் பிரித்துச் சிறிதாக்குங்கள். நடப்பதை விட்டுவிடுங்கள், ஷூ மாட்டுவது மட்டும்தான் வேலை. முதல் இரண்டு வாரம் என் நோட்டில் "நடை" என்ற வார்த்தையே கிடையாது, "ஷூ" என்றுதான் இருக்கும். ராத்திரியே ஷூவுக்குள் சாக்ஸைச் சுருட்டி வைத்து, வாசல்படிக்கு உள்பக்கம் வைத்துவிடுவேன். சட்டை கதவுக் கொக்கியில். காலையில் எதையும் தேடக் கூடாது. தேடுகிற வேலை ஒன்று வந்தால் அங்கேயே நின்றுவிடும்.

ஷூ மாட்டியவன் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டான். எனக்கு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் பக்கம். திருமலை நாயக்கர் வெட்டிய குளம், ஆயிரம் அடிக்குத் தொள்ளாயிரத்து ஐம்பது அடி என்பார்கள். ஆக ஒரு சுற்று ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர். மூன்று சுற்று போனால் நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்தில் நாலு நாள் போனாலே கணக்கு சரியாகிவிடும். ஆனால் முதல் மாதம் நான் ஒரு சுற்றோடு திரும்பிவிட்டேன். கால் இன்னும் கேட்கும்போதே திரும்பினால்தான் மறுநாளும் கிளம்பத் தோன்றும். இது என் அனுபவம், அடித்துச் சொல்வேன்.

அறிகுறி: காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை

காலையைப் போட்டு உருட்டாதீர்கள். கோளாறு முந்தின ராத்திரியில் இருக்கிறது.

நம் ஊரைத் தூங்கா நகரம் என்று பெருமையாகச் சொல்கிறோம். பதினொரு மணிக்கும் பரோட்டாக் கல் சூடாக இருக்கிறது, இரண்டு மணிக்கும் மாட்டுத்தாவணியில் டீ கிடைக்கிறது. ஊர் தூங்காமல் இருப்பது சரி. அது ஷிப்டு போட்டுத் தூங்காமல் இருக்கிறது. நமக்கு ஷிப்டு மாற்றிவிட ஆள் இல்லை. வளர்ந்தவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும். ஐந்தரைக்கு எழ வேண்டுமென்றால் பத்தரைக்குக் கண் மூடியிருக்க வேண்டும், பத்தேகாலுக்குப் படுக்கையில் இருக்க வேண்டும். இப்படிப் பின்னாலிருந்து எண்ணிக்கொண்டே வந்தால், கடையை ஒன்பதே முக்காலுக்குச் சாத்துகிறவன் ஐந்தரைக்கு எழுவது நடக்காது என்று தாளிலேயே தெரிந்துவிடும். நான் கடையை எட்டரைக்குச் சாத்தத் தொடங்கினேன். முதல் மாதம் கை நடுங்கியது. கடைசி ஒரு மணி நேரத்தில் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கட்டின மோட்டாரை வாங்க வருகிறவர்கள்தான்; போனில் சொன்னதும் காலையில் வந்தார்கள்.

ராத்திரியில் மூன்று இடங்களைச் சோதியுங்கள்.

சாயங்காலக் காபி, டீ. உடம்பில் ஏறிய கஃபீன் பாதியாகக் குறைய சராசரியாக ஐந்து மணி நேரம் பிடிக்கும். ஆளுக்கு ஆள் இது மாறும். ஆறு மணிக்குக் குடித்ததில் பாதி பதினொரு மணிக்கும் வேலை செய்துகொண்டிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் மூன்று மணி டீயோடு நிறுத்திக்கொண்டேன். பட்டறைப் பையன்கள் ஆறு மணிக்கு டீ வாங்கப் போனால் எனக்கு ஒரு கிளாஸ் சுக்கு மல்லி.

வெளிச்சம். படுக்கும் முன் கண்ணுக்கு நேரே பளீரென்ற வெளிச்சம் இருந்தால் தூக்கம் வரவழைக்கும் மெலடோனின் சுரப்பது தள்ளிப்போகும். போனை ஹாலில் சார்ஜில் போட்டுவிட்டு அறைக்குள் போங்கள். அலாரம் வேண்டுமென்றால் பழைய மேசைக் கடிகாரம் ஒன்று வாங்குங்கள். போன் அலாரமே வைத்தாலும், ஹாலில் அடிக்கிறதை அணைக்க எழுந்து நடக்க வேண்டியிருப்பதும் நல்லதுதான். காலையில் இதற்கு நேர் எதிர்: எழுந்ததும் வாசலுக்கோ மாடிக்கோ போய் வெளிச்சத்தில் நில்லுங்கள். உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் அந்த வெளிச்சத்தை வைத்துத்தான் தன்னைத் திருத்திக்கொள்கிறது.

கடைசியாக, படுக்கும் நேரம். அதை ஒரேயடியாக ஒரு மணி நேரம் முன்னுக்கு இழுக்காதீர்கள். இரண்டு மூன்று நாளைக்கு ஒரு கால்மணி நேரம் என்று முன்னுக்குக் கொண்டுவாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்கினால் திங்கள் காலை மறுபடி பழைய கதை.

எழுந்த முதல் இருபது முப்பது நிமிடம் தலை மந்தமாக இருப்பது எல்லோருக்கும் உள்ளது. அந்த நேரத்தில் "இன்றைக்கு வேண்டாம்" என்று எடுக்கும் முடிவை நம்பாதீர்கள்.

பூ மார்க்கெட், காய்கறி மார்க்கெட், பஸ், ஆஸ்பத்திரி என்று ராத்திரி வேலை பார்க்கிறவர்களுக்கு மேலே சொன்ன மணிக்கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு முக்கியம் பகல் தூக்கத்தைக் காப்பது: ஜன்னலுக்குக் கெட்டித் துணி, காலிங்பெல்லை அணைத்து வைப்பது, "அவர் தூங்குகிறார்" என்று சொல்ல வீட்டில் ஒரு ஆள்.

அறிகுறி: மாத்திரை போட்டேனா இல்லையா என்றே நினைவில்லை

மறதிக்கு நினைவால் வைத்தியம் பார்க்க முடியாது, பொருளை இடம் மாற்றித்தான் பார்க்க வேண்டும்.

என் மனைவிக்குத் தைராய்டு. அந்த மாத்திரையை வெறும் வயிற்றில், காபிக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும். காபியோடு போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. அவள் எழுந்ததும் கை நேரே காபித்தூள் டப்பாவுக்குப் போகும், பாதி நாள் காபி குடித்த பிறகுதான் மாத்திரை ஞாபகம் வரும். காபியை மறக்கச் சொல்வதில் பிரயோஜனம் இல்லை. அதனால் மாத்திரை டப்பாவை காபித்தூள் டப்பா மூடியின் மேலேயே வைத்தோம். அதை எடுக்காமல் இதைத் திறக்க முடியாது. எடுத்ததும் ஒரு டம்ளர் தண்ணீரோடு போட்டுவிடுவாள். அப்புறம் வாசல் பெருக்கி, சாணம் தெளித்து, ஐந்து புள்ளிக் கோலம் ஒன்று. உள்ளே வந்து குளித்து முடிக்கும்போது அரைமணி தாண்டியிருக்கும். காத்திருப்பது என்று ஒரு வேலை தனியாக இல்லாமலே போய்விட்டது. கோலம்தான் அவளுக்கு டைமர்.

கிழமை போட்ட ஏழு அறை மாத்திரைப் பெட்டி மெடிக்கலில் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை நிரப்பி வைத்தால் "போட்டேனா" என்ற கேள்விக்கு அறை பதில் சொல்லும். சந்தேகம் வந்தால் இரண்டாகப் போடாதீர்கள். எந்த மாத்திரை தவறினால் என்ன செய்வது என்று டாக்டரிடம் ஒருதடவை கேட்டு, சீட்டின் பின்னால் எழுதி வையுங்கள்.

அறிகுறி: ஒருநாள் விட்டுப்போனால் மொத்தமும் போய்விடுகிறது

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர், முகம் மாற்றிக்கொண்ட நோயாளிகள் அதற்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960-இல் எழுதியதிலிருந்து பரவிய கணக்கு அது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியின் குழு 96 பேரை வைத்துப் பார்த்தபோது (2010-இல் வெளியானது) ஒரு செயல் தானாக நடக்கும் அளவுக்குப் பழக ஏறக்குறைய 66 நாள் என்று வந்தது. ஆளைப் பொறுத்தும் செயலைப் பொறுத்தும் 18 முதல் 254 நாள் வரை. எனக்கு ஆறுதலாக இருந்தது இன்னொரு முடிவு: நடுவில் ஒருநாள் தவறியதால் பழக்கம் உருவாவதில் பெரிய பாதிப்பு இல்லை.

ஒருநாள் பாதிப்பில்லை என்றால் சித்திரைத் திருவிழா? அதற்கு முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். மீனாட்சி கல்யாணத்துக்குச் சொந்தபந்தம் வந்து இறங்கும், அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க முந்தின ராத்திரியே கிளம்பிவிடுவோம், அந்த வாரத்தில் யாரும் எந்த வழக்கத்தையும் காப்பாற்ற முடியாது, காப்பாற்றவும் வேண்டாம். நான் திருவிழாவுக்கு முன்பே நோட்டில் எழுதிவிடுவேன்: "அழகர் மலைக்குத் திரும்பின மறுநாள், ஒரே ஒரு சுற்று." திரும்பத் தொடங்கும் நாளும் அளவும் முதலிலேயே எழுதியிருந்தால், "எப்ப ஆரம்பிக்கலாம்" என்று பத்து நாள் யோசிப்பது மிச்சம். விசேஷ வீடு, காய்ச்சல், வெளியூர்ப் பயணம் எல்லாவற்றுக்கும் இதே முறைதான். திரும்பும் நாளில் கால் பங்கு போதும்.

அறிகுறி: வாரத்துக்கு, மாதத்துக்கு ஒருதடவை வரும் வேலை எப்போதும் விட்டுப்போகிறது

கரண்ட் பில், வண்டிக்குக் காற்று, கடை வாடகை, கணக்கு. எல்லாவற்றையும் ஞாயிறு காலை கறி வாங்கிவிட்டு வந்து கை கழுவியதும் உட்காரும் அரைமணிக்குள் போட்டுவிடுங்கள். தனித்தனியாக மாட்டினால் ஒன்றும் நிற்காது.

அறிகுறி: எனக்கு நன்றாக ஓடுகிறது, வீட்டில் முகம் சரியில்லை

இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் மிகத் தாமதமாகப் பார்த்த கோளாறு இதுதான்.

நடை தொடங்கி ஐந்தாறு மாதம் ஆகியிருந்தது. சர்க்கரை இறங்கியிருந்தது, டாக்டர் தட்டிக்கொடுத்தார். ஒருநாள் காலை தெப்பக்குளத்திலிருந்து வந்து நோட்டில் டிக் போட்டுக்கொண்டிருந்தேன். மனைவி இட்லித் தட்டில் துணியை விரித்தபடி, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "நீங்க நடந்துட்டு வந்து டிக் போடுறீங்க. அந்த நேரத்துல இட்லி நான்தான், சட்னி நான்தான், சின்னவன எழுப்புறது நான்தான், அத்தைக்கு வெந்நி வைக்கிறதும் நான்தான். நான் எந்தப் பக்கத்துல டிக் போடட்டுங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. என் மோட்டார் ஓடியது அவள் லைனில் இழுத்த கரண்டில். நான் எழுந்து போன முக்கால் மணி நேரம் வீட்டில் காணாமல் போகவில்லை. அவள் தலையில் ஏறியிருந்தது.

நோட்டில் இன்னொரு பத்தி போட்டு, மூன்று நாள் அவளுடைய நேரத்தையும் எழுதினோம். காலை 5.10 முதல் 8.40 வரை அவளுக்கென்று ஒரு நிமிடம் கிடையாது. மத்தியானம் அம்மாவுக்குச் சாப்பாடு, துணி, சின்னவனைக் கூட்டிவருவது. ராத்திரி பத்தரை வரை அதேதான். இந்த நேரத்துக்குள் "நீயும் நடக்க வா" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாற்றியது இவ்வளவுதான். தேங்காய் திருவுவதும் மறுநாள் காய் நறுக்குவதும் ராத்திரியே, கடையிலிருந்து வந்து நான் செய்வது. அம்மாவுக்கு வெந்நீரும் காபியும் என் பொறுப்பு, ஷூ மாட்டுவதற்கு முன்னால். சின்னவனை எழுப்புவது நடை முடிந்து வந்து நான். உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். நடை வேண்டாம் என்றாள். நாலரை மணிக்கு அரைமணி நேரம், திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்க வேண்டும், யாரும் கூப்பிடக் கூடாது. அம்மாவிடம் போய்ச் சொன்னேன்: "ஆத்தா, நாலரைக்கு அவளக் கூப்புடாத. என்னன்னாலும் எனக்குப் போன் போடு." முதல் வாரம் அம்மா நாலு தடவை போன் போட்டது. மூன்று தடவை ரிமோட் எங்கே என்று கேட்க. இப்போது அம்மாவும் திண்ணையில் வந்து உட்கார்ந்து, படித்த பக்கங்களை வாங்கிப் பார்க்கிறது.

உங்கள் வழக்கம் சரியாக ஓடினால், அந்த நேரத்து வேலையை யார் செய்கிறார்கள் என்று ஒருதடவை பாருங்கள். ஒரே பாத்ரூம் உள்ள வீட்டில் யார் எப்போது குளிப்பது என்பதையும் உட்கார்ந்து பேசி முடிவுசெய்யுங்கள். பாதிச் சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

அறிகுறி: எல்லாம் நடக்கிறது, ஆனால் எதிலும் பிடிப்பு இல்லை

முதலில் ஓவர்லோடா என்று பாருங்கள். ஒரே மாதத்தில் நடை, யோகா, இங்கிலீஷ் படிப்பு, இனிப்பு நிறுத்தம் என்று நாலை ஏற்றியிருந்தால் மூன்றை இறக்கிவிடுங்கள். இறக்கிய பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் மனசு தொடர்ந்து இருண்டு, தூக்கமும் பசியும் கெட்டு, பிடித்தது எதுவும் பிடிக்காமல் போனால் அது வழக்கத்தின் கோளாறு இல்லை. டாக்டரைப் பாருங்கள். மனநலத்துக்கான டெலி மானஸ் இலவச எண் 14416-க்கு எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

அறிகுறி: பருவம் மாறினதும் நின்றுவிடுகிறது

வெளியே செய்கிற எந்த வழக்கத்துக்கும் மாற்று ஒன்று கையில் வேண்டும். கத்திரி வெயிலில் ஏழு மணிக்கே தெப்பக்குளத்துக் கல் சுடத் தொடங்கும். அந்த நாட்களில் அரைமணி முன்னால் கிளம்பி, ஒரு சுற்றைக் குறைத்துக்கொள்கிறேன். ஐப்பசி கார்த்திகையில் அடைமழை பிடித்தால் வீட்டு மாடிப்படி. மூட்டுவலி இருப்பவர்கள் படியை விட்டுவிட்டு, ஹாலுக்குள்ளேயே முன்னும் பின்னும் நடங்கள். எங்கள் வீட்டில் பதினெட்டுப் படி, மெதுவாக இருபது தடவை. ஷூவை அப்போதும் மாட்டிக்கொள்வேன். நோட்டில் அன்றைக்கு "படி" என்று எழுதி டிக் போடுவேன். பக்கத்துப் பத்தியில் "பேப்பர்" என்று எழுதி அவள் டிக் போட்டிருப்பாள்.